வேதனையில் இருக்கும் அக்காவுடன் எதை வாசிக்கலாம்?

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

என் அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. "விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னது அவரை மிகவும் உடைத்துவிட்டது. அது சரியான போதனையே இல்லை. மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை கர்த்தரிடம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவென்று யார் சொல்வார்கள்?

இப்போது இருவரும் தினமும் கொஞ்சம் வாசிக்கிறோம். 13-ம் சங்கீதத்தில் தாவீது "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று கேட்பதைப் பார்த்து, தானும் அப்படிக் கேட்கலாம் என்ற தைரியம் அக்காவுக்கு வந்தது. 88-ஐ வாசித்தபோது அழுதார். அதன் முடிவில்கூட ஆறுதல் இல்லை, ஆனாலும் முழுவதும் தேவனிடமே பேசுகிற ஜெபம் அது.

அடுத்து வேதாகமத்தின் யோபு புத்தகத்தை வாசிக்க ஆசை. ஆனால் துன்பப்படும் யோபுவின்மேல் அவருடைய நண்பர்கள் சுமத்தும் நீண்ட குற்றச்சாட்டுகள் அக்காவை மறுபடி குத்துமோ என்று பயமாக இருக்கிறது. முதல் மூன்று அதிகாரங்களை வாசித்துவிட்டு, கர்த்தர் பேசத் தொடங்கும் 38-க்குப் போனால் சரியாக இருக்குமா? அப்புறம், ஜெபிக்க வார்த்தையே வராத நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? நீண்ட நோயோடு வாழ்பவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேன்.