ஜெர்மனியில் தனியாகப் போய் இறங்கிய அந்த முதல் நாட்கள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

நெல்லைச்செல்வி:
2022 அக்டோபர் 1, சனிக்கிழமை, கெம்னிட்ஸ். விசா, பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, வந்தபின் மாதாமாதம் எடுக்கும் கணக்கு) கதையெல்லாம் இங்கே எல்லோரும் பட்டதுதான், அதை விடுகிறேன். பிராங்க்பர்ட்டில் இறங்கி, லைப்சிக்கில் ரயில் மாறி, இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்குப் போகும்போது இரவு பத்தரை தாண்டிவிட்டது. வழியில் ஏழு மீட்டர் உயரத்துக்குக் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் இருட்டில் நிற்கிறது (1990 வரை ஊருக்கே அவர் பெயர்தான்), வேறு மனித முகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று தெரியும், திங்கள் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தத் திங்கள் அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை. அது எனக்குத் தெரியாது. அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் முறுக்கும் இருந்தன. எடை கூடுகிறது என்று அரிசியை நான்தான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.

திங்கள் மதியம் மூடிய கடையிலிருந்து திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் "சாப்பிட்டேம்மா, சோறு வடிச்சுதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார். வியட்நாம்காரர், கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஆலை வேலைக்கு வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவர் பேசிய ஜெர்மன் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இடது உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குழித்து, வலது கையின் இரண்டு விரலால் அதிலிருந்து வாய்க்குத் தள்ளுவதுபோல் காட்டினார். நான் தலையாட்டினேன். நீல ஓரம் போட்ட கிண்ணத்தில் சோறு வந்தது, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது, தட்டை எடுத்தபோது அதன் அடியிலிருந்து ஆவி நீர் சொட்டியது. படியிலேயே புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது, ஏதாவது செய்து போட்டுக் கொடுப்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன். 2024ல் வேலை கிடைத்து அவசரமாக ஸ்டுட்கார்ட் கிளம்பியபோது அவர் வீட்டில் இல்லை. கிண்ணம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

கோவைவாசன்:
செல்வி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும், பெட்ரோல் பங்கில் ரொட்டியும் பாலும் கிடைக்கும். இரண்டு நாள் பசியோடு கிடந்திருக்க வேண்டாம்.

என் கதை சின்னது. 2019ல் வந்த முதல் வாரம், முகவரியைப் பதிவு செய்யப் போனால், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில், சர்டிபிகேட் கோப்பைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

இனி வருபவர்களுக்காக: அந்தக் கையெழுத்துத் தாளை வீட்டுச் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பல வங்கிகள் பதிவுத் தாள் இல்லாமல் கணக்குத் திறக்காது, கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்ட் பணம் மாதாமாதம் கைக்கு வராது. 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ கட்டச் சொல்கிறார்கள், மாதம் 992. அவ்வளவு கட்டிவிட்டு வந்தும் முதல் மாதம் கையில் காசில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் 500 யூரோவாவது ரொக்கமாகக் கொண்டுவாருங்கள். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மைதான் என்று சரிபார்த்துத் தரும் தாள்) இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், அதற்கே சில மாதங்கள் ஒதுக்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடாதீர்கள், சத்தம் வரும் என்று சண்டைக்கு வருவார்கள்.

மதுரைமீனா:
வாசன் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் கடைக்கு வழி கேட்கவில்லையே. இந்த ஊரில் ஒரே ஒரு கதவு திறந்தது என்று சொல்கிறார். அதற்கு "பெட்ரோல் பங்க்குக்குப் போயிருக்கலாம்" என்பது பதிலா?

2023 மார்ச். பெர்லினில் இறங்கி ஆகனுக்குப் போக கொலோன் வழியாக டிக்கெட். அந்த ரயில் வழியில் ஹாம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி டோர்ட்முண்ட் பக்கம், இன்னொரு பாதி வூப்பர்டால் வழியாகக் கொலோன். நான் இருந்தது வேறு பாதி. அறிவிப்பு ஜெர்மனில் வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. டோர்ட்முண்டில் இறங்கி நடைமேடையில் அக்காவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "தங்கச்சி, எங்க போக வேணும்?"

யாழ்ப்பாணத்து அண்ணா, வயது அறுபது பக்கம் இருக்கும். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, கொலோனுக்கு இங்கயிருந்து நிறைய ரெயில் இருக்கு" என்றார். ரயில் வரும்வரை கூடவே நின்றார். எண்பத்தைந்தில் தனியாக வந்தாராம். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்குப் பக்கம் போகிற ரயிலில் ஏறியவர்களில் ஒருவர். "வந்து சேர்ந்திட்டன் எண்டு அம்மாவுக்குத் தெரிய மூண்டு மாசம் சென்டது. நீங்கள் முதல்ல வீட்டுக்கு எடுத்துச் சொல்லுங்கோ" என்று என் போனைக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் என் பெட்டியின் கைப்பிடியை விடவே இல்லை.

அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வருடம் ஹாம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன். அங்கே வேட்டி கட்டிய அண்ணாமார் ஆயிரம் பேர். சாயங்காலம் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தென்காசி78:
எனக்கு ஃபேன். 2016, முதல் இரவு, அறையில் ஃபேன் கிடையாது, சத்தமே கிடையாது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஊரில் அப்பாவுக்கு போன் போட்டு, பேச வேண்டாம், போனைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றேன். கடகடவென்று எங்கள் வீட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அந்த ராத்திரியைப் பதிவு செய்து வைக்கவில்லையே என்று இருக்கிறது.

மதுரைமீனா:
செல்வி, அந்த அம்மாவின் விலாசம் நினைவிருக்கிறதா? இங்கே தெரு, வீட்டு எண், குடும்பப் பெயர் இருந்தாலே தபால் போய்ச் சேருமே.

நெல்லைச்செல்வி:
அழைப்பு மணியில் ஒட்டியிருந்த குடும்பப் பெயர் ஞாபகம் இருக்கிறது. முதலில் ஒரு அட்டை போடுகிறேன். வாசன் அண்ணா, நீங்கள் சொன்ன ரயில் நிலையக் கடை விஷயம் உண்மைதான், அப்போது தெரியாது. தென்காசி, அப்பாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.