ஜங்கிள் பேர்ட் கசக்கிறது, கொஞ்ச நேரத்தில் தண்ணீராகவும் ஆகிவிடுகிறது. உதவி தேவை

செந்தூல்வாசி:
வணக்கம். மாதக் கடைசியில் வீட்டில் ஒரு சின்ன விருந்து. அண்ணன் வெளிநாட்டு வேலையிலிருந்து வருகிறார், கூட அவர் நண்பர்களும். எப்போதும் போல பீர், விஸ்கியோடு நிறுத்தாமல் இந்த முறை ரம் வைத்து ஏதாவது செய்யலாம் என்று ஆசை. நம்ம கே.எல்.லிலேயே (கோலாலம்பூரில்) பிறந்த பானமாயிற்றே என்று ஜங்கிள் பேர்டைக் கையில் எடுத்தேன். முதல் வாயிலேயே கசப்பு. பத்து நிமிடம் வைத்துவிட்டுக் குடித்தால் வெறும் கசப்புத் தண்ணீர்.

நான் போட்டது: வெள்ளை ரம் 45 மி.லி., காம்பாரி (சிவப்பு நிற இத்தாலியக் கசப்பு மது) 30 மி.லி., பெட்டி அன்னாசி ஜூஸ் 120 மி.லி., லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) இரண்டு பழம், சீனிப்பாகு ஒரு தேக்கரண்டி. ஐஸ் பக்கத்துக் கடையில் பையில் விற்பது, நடுவில் ஓட்டை இருக்குமே அது. கிளாஸிலேயே ஊற்றிக் கரண்டியால் கலக்கினேன். பார்களில் கொடுக்கும்போது மேலே அழகாக நுரை நிற்கும். இதில் பேருக்குக்கூட நுரை இல்லை.

இன்னொரு கேள்வி. வருகிறவர்களில் பெரியவர்கள் சிலருக்கு ரம் என்றால் கோக் மட்டும்தான். ஒரு மாமா சுடுதண்ணீர் ஊற்றிக் குடிப்பார். அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

பழைய பார்க்காரன்:
தம்பி, பினாங்கு ஜார்ஜ் டவுனில் பார் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் காம்பாரியைத் தவிர மற்ற எல்லாமே மெலிசு. கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

முதலில் ரம். இந்தப் பானத்துக்குக் கறுப்பு ரம் வேண்டும். கரும்புச் சீனி காய்ச்சிய பிறகு மிஞ்சும் கழிவுப்பாகின் அடர்ந்த வாசம்தான் காம்பாரியோடு மல்லுக்கு நிற்கும். வெள்ளை ரம்மால் அது ஆகாது. அதை டைக்கிரி, மொஹித்தோ போன்ற மெல்லிய ரம் பானங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளவு. 1973இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஹில்டன் ஹோட்டல் திறந்தபோது, அங்கிருந்த ஏவியரி பாரில் பிறந்த பானம் இது. உருவாக்கியவர் என்று சொல்லப்படும் ஜெஃப்ரி ஓங் எங்கள் பினாங்குக்காரர், அந்தப் பெருமையை நான் விட மாட்டேன். 1989இல் அமெரிக்காவில் அச்சான குறிப்பில் அன்னாசிச் சாறு 120 மி.லி. இருந்தது. பின்னால் நியூயார்க்கில் ஜியுசெப்பே கொன்சாலெஸ் என்ற பார்க்காரர் அதை 45 மி.லி.க்குக் குறைத்து, மிகக் கறுப்பான ரம்மைப் போட்டார். இன்று பார்களில் நீங்கள் குடிப்பது பெரும்பாலும் அந்த வழிதான். நீங்கள் பழைய குறிப்பின் சாற்றை எடுத்துக்கொண்டு, காம்பாரியைக் கூட்டி, பாகைக் குறைத்திருக்கிறீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள்: கறுப்பு ரம் 45, காம்பாரி 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, பாகு 15. சீனியும் தண்ணீரும் சம அளவு போட்ட பாகாக இருக்கட்டும். குலா மெலாக்காவில் (பனைவகை வெல்லம்) காய்ச்சினால் இன்னும் நல்லது, கறுப்பு ரம்மோடு பிறந்ததிலிருந்தே பழகியது மாதிரி சேரும்.

நுரைக்குக் கரண்டி உதவாது. அன்றைக்குப் பிழிந்த அன்னாசியை ஷேக்கரில் ஐஸோடு போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி கை வலிக்கக் குலுக்க வேண்டும். பெட்டி ஜூஸில் அந்த நுரை வராது.

அம்பாங் அக்கா:
ஐஸைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே! தண்ணீராவதற்குப் பாதிக் காரணம் அந்த ஓட்டை ஐஸ்தான். உள்ளேயும் வெளியேயும் உருகும். பையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி ஈரமாகிவிடும். அந்த ஈரமும் கிளாஸுக்குள்தான் போகிறது. பானம் நீர்த்துப்போனால் இனிப்பும் புளிப்பும் முதலில் மங்கும். கசப்பு மட்டும் கொஞ்சமாக இருந்தாலும் நாக்குக்குத் தெரியும்.

சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க உறைய வைத்து, பெரிய துண்டாக உடைத்துப் போடுங்கள். கடை ஐஸ்தான் வேண்டும் என்றால் ஷேக்கரில் குலுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கியதும் அதை வடிகட்டிக் கொட்டிவிட்டு, கிளாஸில் புதிய கட்டிகளைப் போடுங்கள். ஐஸ் நிறைய போட்டால் பானம் நீர்த்துவிடும் என்று இரண்டே கட்டி போடுகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. கிளாஸ் நிறைய இருந்தால் பானம் உடனே குளிர்ந்து, ஐஸ் மெதுவாக உருகும்.

இன்னும் கசந்தால் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்கும். நான் உப்புக்குப் பதில் ஆசாம் போயை (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்) ஊற வைத்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி விடுவேன். பார்க்காரர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும்.

கரும்புத்தோட்டம்:
எனக்கு இந்தக் குடை, அன்னாசித் துண்டு எல்லாம் ஒத்துவராது. வயதான ரம்மை ஜூஸில் கரைப்பது பாவம் என்பது என் கட்சி. பல வருடம் பீப்பாயில் கிடந்த ரம்மை அப்படியே, சின்னச் சின்ன மிடறாகத்தான் குடிக்க வேண்டும். அறை வெப்பத்தில் கொடு, ஐஸ் வேண்டாம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதுவார்கள். அவர்கள் அறை வேறு, நம்ம அறை வேறு. முப்பது டிகிரியில் ஊற்றினால் மூக்கில் சாராய நெடிதான் ஏறும். பெரிய கட்டி ஒன்று போடுங்கள், அல்லது குளிர்ந்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி.

மாமாவுக்குச் சுடுதண்ணீர் என்றால் அதைக் கேலி செய்யாதீர்கள். 1740இல் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் வெர்னன் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னதில் தொடங்கிய வழி அது. பிரிட்டிஷ் கடற்படையில் தினசரி ரம் 1970 ஜூலை 31 வரை இருந்தது. ரம் 45, சுடுதண்ணீர் 120, குலா மெலாக்காப் பாகு இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, ஒரு பட்டை, இரண்டு கிராம்பு. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், ஆவி மூக்கைக் குத்தும். கொதித்த தண்ணீரை இரண்டு மூன்று நிமிடம் ஆற விடுங்கள். இதற்கு ஓல்ட் மாங்க் கிடைத்தால் போதும். 1954இலிருந்து வருகிற இந்திய ரம், வனிலா வாசம் தூக்கலாக இருக்கும், சூட்டில் இன்னும் எழும்பும்.

பழைய பார்க்காரன்:
கோக் கட்சிக்கும் ஒரு வழி சொல்கிறேன். சூடான கோக்கை ரம்மில் ஊற்றி மேலே ஐஸ் போடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. முதலில் எலுமிச்சைத் துண்டைக் கிளாஸில் பிழிந்து, தோலையும் உள்ளே போடுங்கள். கிளாஸ் நிறைய ஐஸ், அதன் மேல் ரம், கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கோக். ஒரே ஒரு முறை கலக்கினால் போதும், அதிகம் கலக்கினால் வாயு போய்விடும். இதுதான் கியூபாவின் கியூபா லிப்ரே. இங்கே மட்டும் லீமாவ் கஸ்தூரி எலுமிச்சையைவிட நன்றாக இருக்கும், கோக்கின் இனிப்போடு அந்த ஆரஞ்சு வாசம் சேரும்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. கறுப்பு ரம், டப்பா ஐஸ், பிழிந்த அன்னாசி எல்லாம் மாற்றிச் செய்தேன். நுரை வந்துவிட்டது! கசப்பு இருக்கிறது, ஆனால் குடிக்கக் குடிக்கப் பிடிக்கிறது. ஆசாம் போய் தண்ணீரும் விட்டுப் பார்த்தேன், அதற்கே என் ஓட்டு.

ஆசை விடவில்லை, பின்யா கொலாடாவும் (ரம், அன்னாசி, தேங்காய் சேர்ந்த பானம்) முயன்றேன். தேங்காய்க்குச் சந்தான் (தேங்காய்ப்பால்) பாக்கெட் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் திரிந்த மாதிரி தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. அப்புறம், பன்னிரண்டு பேருக்கு ஒவ்வொரு கிளாஸாக நான் குலுக்கிக்கொண்டே இருந்தால் விருந்தில் யாரோடும் பேசவே முடியாதே?

அம்பாங் அக்கா:
புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் ஊற்றுவது சந்தான் இல்லை தம்பி, சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய தேங்காய்க் கிரீம். சந்தானில் அன்னாசிப் புளிப்பு பட்டால் பிரியத்தான் செய்யும். சந்தானைப் பாகோடு லேசாகச் சூடாக்கி, நன்றாக ஆற வைத்து, ஐஸோடு மிக்ஸியில் அடித்து உடனே கொடுங்கள். பசும்பால் மட்டும் ஊற்றாதீர்கள். பச்சை அன்னாசி பாலையே கசக்க வைத்துவிடும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரம் இல்லாமல் ஒரு ஜாடி தனியாக வையுங்கள்: அன்னாசி, எலுமிச்சை, குலா மெலாக்கா, சோடா. 2020இலிருந்து மலேசியாவில் ஓட்டுநர்களுக்கான மதுவின் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 80இலிருந்து 50 மில்லிகிராமாக இறங்கிவிட்டது, ஒரு கிளாஸ்தானே என்று சாவியை எடுக்க முடியாது.

பழைய பார்க்காரன்:
பன்னிரண்டு பேருக்குக் கணக்கு: ரம் 540, காம்பாரி 264, பாகு 180. இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு போத்தலில் கலந்து குளிர வைக்கலாம், கெடாது. அன்னாசி 540, எலுமிச்சை 180, இவற்றை அன்று மாலைதான் பிழிய வேண்டும். பிழிந்து வைத்த எலுமிச்சை மறுநாள் மந்தமாகிவிடும். ஒரு கிளாஸுக்குப் போத்தலிலிருந்து 82 மி.லி., இரண்டு சாறும் கலந்ததில் 60 மி.லி. ஷேக்கர் பெரியதாக இருந்தால் இரண்டு கிளாஸுக்கு ஒன்றாகவே குலுக்குங்கள். மூன்றுக்கு மேல் போகாதீர்கள், உள்ளே ஆட இடம் இல்லாவிட்டால் நுரை வராது. முதல் சுற்றை நீங்கள் குலுக்குங்கள், அடுத்த சுற்றுக்கு அண்ணனிடம் ஷேக்கரைக் கொடுத்துவிடுங்கள்.