பால் பத்தல, ஃப்ரெண்டு அவ பால தரேங்கறா, குடுக்கலாமா?

பாப்பாவோட_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். பாப்பாக்கு மூணு வாரம் ஆகுது, நிறைமாசத்துல பொறந்தவதான், ஆனா பொறந்தப்ப இருந்த வெயிட்டுக்கே இன்னும் வரல. டாக்டர் பாத்துட்டு பால் பத்தல, கூட ஏதாவது குடுத்தே ஆகணும்னு சொல்லிட்டார். பம்ப் பண்ணா பாட்டில் அடி மட்டும்தான் நனையுது, அத பாத்தாலே அழுகையா வருது. என் ஃப்ரெண்டுக்கு ஆறு மாச குழந்தை, அவளுக்கு பால் நெறைய சுரக்குது, ஃப்ரீசர் ஃபுல்லா வச்சிருக்கா, எடுத்துக்கோடிங்கறா. பவுடர் பாலுக்கு இது எவ்வளவோ மேலன்னு எனக்கு தோணுது, ஆனா மாமியார் அடுத்தவ பாலான்னு மூஞ்ச சுளிக்கறாங்க, வீட்டுக்காரர் வாயே தொறக்கல. யாராவது குடுத்திருக்கீங்களா? அப்புறம் இன்னொன்னு, வெளிப்பால் குடுத்தா எனக்கு இருக்கற கொஞ்சமும் நின்னுடுமா?

ரெட்டைவாலு_மம்மி
நான் குடுத்திருக்கேன் சிஸ், ஆனா தாய்ப்பால் வங்கி பால். என்னோடது ரெண்டும் குறைமாசம், ஐசியூல இருந்தாங்க, எனக்கு ஆரம்பத்துல ஒண்ணுமே வரல. வங்கில பால் குடுக்கறவங்களுக்கு எச்ஐவி, மஞ்சக்காமாலை பி, சி, சிஃபிலிஸ் எல்லாத்துக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுதான் பாலையே வாங்குவாங்க, அப்புறம் 62.5 டிகிரில 30 நிமிஷம் வச்சு கிருமிய சாகடிக்கறாங்க. அதுல பாலோட எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கொறையும்தான், ஆனாலும் குறைமாச குழந்தைக்கு குடல் அழுகிப்போற அந்த வியாதி ஃபார்முலாவ (பவுடர் பால) விட இதுல கம்மியா வருதுன்னு டாக்டர் சொன்னார். வெயிட் ஏறறது மட்டும் கொஞ்சம் மெதுவாதான் இருக்கும், அதுக்குன்னு பால்ல சத்து பவுடர் கலந்து குடுத்தாங்க. உங்க பாப்பா நிறைமாசம்ங்கறதால வங்கில கிடைக்கறது கஷ்டம், அவங்க ஸ்டாக்க வெயிட் ரொம்ப கம்மியான குழந்தைங்களுக்குதான் மொதல்ல குடுப்பாங்க. இருந்தாலும் டாக்டர்கிட்ட சீட்டு எழுதி கேட்டு பாருங்க, போனா ஒரு வார்த்தைதானே. அத்தை மூஞ்ச சுளிச்சா சுளிச்சிட்டு போகட்டும்மா.

பால்_ஆலோசகர்
வேலையே இதுதான்ங்கறதால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல உங்க ரெண்டாவது கேள்வி. வெளிப்பால் குடுக்கறதால பால் நிக்காது, உங்க மார்லேருந்து பால் வெளிய போகாம தங்கினாதான் உடம்பு சரி இவ்வளவு போதும்னு சுரப்ப கொறைச்சுக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் பாப்பாவ மொதல்ல மார்ல போடுங்க, அப்புறம் மத்த பால், அது முடிஞ்சதும் பம்ப், இப்படி ராத்திரியும் சேத்து 24 மணி நேரத்துல 8லேருந்து 12 தடவை. மார்ல ஒரு மெல்லிசு ட்யூப் ஒட்டி அது வழியா குடுத்தா அவ உங்ககிட்ட சப்பிக்கிட்டே அந்த பாலயும் குடிப்பா, சுரப்பும் தூண்டப்படும். பம்ப்ல வர்ற அளவ வச்சு மனச உடைச்சுக்காதீங்க, குழந்தை உறியற மாதிரி பம்ப் உறியாது. வெயிட்டும் யூரினும்தான் கணக்கு, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது டயபர் நல்லா நனையணும்.

ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப வர வேண்டிய வெயிட் மூணாவது வாரத்துலயும் வரலன்னா ஏன்னு பாத்தே ஆகணும். தைராய்டு, பிசிஓஎஸ்ங்கற சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை, பிரசவத்துல அதிகமா ரத்தம் போனது, நஞ்சுக்கொடி துண்டு உள்ள தங்கிட்டது, இல்ல பாப்பாவுக்கு நாக்கு ஒட்டியிருந்து சரியா பிடிக்க முடியாதது, இப்படி எதுவா வேணா இருக்கலாம். இத பாக்காம யாரோட பால குடுத்தாலும் பாதி வேலைதான் ஆகும்.

ஃப்ரெண்டு பால் விஷயம். தெரிஞ்சவங்கறது டெஸ்ட் ஆகாது. அவங்க கர்ப்பத்துல எடுத்த ரத்த ரிப்போர்ட் பழசு, புதுசா எடுக்க சொல்லுங்க. மாத்திரை, சிகரெட், குடி எல்லாத்தையும் கூச்சப்படாம கேளுங்க, நல்ல ஃப்ரெண்டுன்னா கோச்சுக்க மாட்டாங்க. ஃப்ரீசர்ல வச்சா கிருமி செத்துடும்னு நெனைக்காதீங்க, எச்ஐவி அதுல சாகாது. உங்க டாக்டருக்கும் தெரிஞ்சு பண்ணுங்க.

நிலா_88
ஆன்லைன்ல விக்கறாங்களே அந்த பக்கம் மட்டும் போயிடாதீங்க!! அமெரிக்காவுல 2013ல அப்படி வாங்கின 101 சாம்பிள டெஸ்ட் பண்ணதுல முக்காவாசிக்கு கிட்ட கிருமி மோசமா இருந்துச்சாம், 2015ல 102 பாத்ததுல 10ல மாட்டுப்பாலே கலந்திருந்தாங்களாம். காசுன்னு வந்துட்டா அளவ கூட்டத்தான் தோணும்.

சும்மா_ஒருத்தி
எல்லாரும் அடிக்க வராதீங்க. டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் பாப்பா பட்டினியா கெடக்கணுமா? அது வரைக்கும் ஃபார்முலா குடுங்க, கரெக்டான அளவுல கலந்தா ஒண்ணும் ஆகாது. என் பையன் அதுலதான் வளந்தான், இப்ப வீட்ட ரெண்டாக்கறான்.

பால்_ஆலோசகர்
அடிக்கவே மாட்டேன், இத நானே எழுதியிருக்கணும். குழந்தை வயிறு நிறையறதுதான் மொதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2003ல சொன்ன வரிசைலயும் அம்மாவோட பீச்சின பால், அப்புறம் ஆரோக்கியமான இன்னொரு அம்மா இல்லன்னா வங்கி பால், அப்புறம் கப்ல ஃபார்முலான்னு அதுக்கும் இடம் இருக்கு.

பாப்பாவோட_அம்மா
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டேன், நாளைக்கே டெஸ்ட்டுக்கு போறாளாம், அதுவரைக்கும் ஃபார்முலா. எனக்கும் தைராய்டு டெஸ்ட் எழுதி குடுத்திருக்காங்க. அவ ஃப்ரீசர் பால்ல ஒரு பாக்கெட் வாசம் பாத்தேன், சோப்பு மாதிரி அடிக்குது, கெட்டுப்போச்சா?

ரெட்டைவாலு_மம்மி
இல்ல சிஸ், அது பால்ல இருக்கற லைப்பேஸால (கொழுப்ப உடைக்கற என்சைம்) வர்ற வாசம், கெட்டதுன்னா புளிச்ச நாத்தம் அடிக்கும். தேதி பழசா இருக்கறத மொதல்ல எடுங்க, ஆறு மாசத்துக்குள்ள முடிக்கறது நல்லது. ராத்திரியே ஃபிரிட்ஜுல எறக்கி வச்சிடுங்க, முழுசா எளகினதுலேருந்து 24 மணி நேரம்தான், திரும்ப உறைய வைக்கக்கூடாது. சூடு பண்ண வெந்நில நிறுத்துங்க, மைக்ரோவேவ் வேணாம், அங்கங்க கொதிச்சு வாய் சுட்டுடும். பாப்பா வாய் வச்சு மிச்சம் விட்டத ரெண்டு மணி நேரம் தாண்டினா கொட்டிடுங்க, மனசு வராதுதான்.