டிசம்பர் லீவுக்கு கண்டல் காட்டுக்குள் படகு: பொத்துவிலா, பலப்பிட்டியா?

நோர்வூட்காரி:
டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். கடல் குளிக்க இல்லை, உப்புத் தண்ணீரில் வளருகிற கண்டல் மரக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்களே, அதற்கு. வீட்டுக்காரர் பொத்துவில் என்கிறார், கடலோடு சேர்ந்த களப்புத் தண்ணீர்க் கரைக்கு யானை வருமாம். தங்கச்சி தென்மேற்குக் கரையில் பலப்பிட்டி மாது கங்கை ஆறு என்கிறாள். அம்மாவும் வருவார், அவருக்குக் காசல்ரீ டேமில் படகைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். ஹட்டனில் வேன் பிடித்துத்தான் போகணும். எது சரி?

பண்டாரவளைத் தம்பி:
அக்கா, டிசம்பரில் பொத்துவில் வேண்டாம். வடகீழ்ப் பருவமழை கிழக்கில் கொட்டுகிற நேரம். நாங்கள் வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கி ஆகஸ்ட் லீவில்தான் போவோம். எஞ்சின் கிடையாது, மீன்பிடிக்கிறவர்களே கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள், அந்த அமைதிக்காகவே போகலாம். முதலை கரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். யானை வருவதும் வராததும் அதன் இஷ்டம். ஆனால் வள்ளம் தண்ணீரோடு ஒட்டித்தான் போகும், அம்மா உட்காருவாரா?

ஹட்டன் வேன்காரன்:
ஹயர் ஓடுகிறவன் சொல்கிறேன், பலப்பிட்டிதான். கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை இறங்கி கடுவலையில் ஹைவே ஏறினால் குருந்துகஹஹெதெக்மவில் இறங்கி, அங்கிருந்து கொஞ்ச தூரம். விடியற்காலையில் கிளம்பணும். படகு கூரை போட்ட எஞ்சின் படகு, அம்மாவுக்கு அவ்வளவு பயம் இருக்காது, லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்க. காசு ஆளுக்கா, படகுக்கா என்று ஏறுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்க, இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான்.

இடையில் ஒரு தீவில் கறுவாப்பட்டை உரித்துக் காட்டுவார்கள், பிறகு ஒரு பட்டைக் கட்டு நீட்டி வாங்கச் சொல்வார்கள், அது பரவாயில்லை. முதலைக்குட்டியைக் கையில் கொடுத்து போட்டோவுக்குக் காசு கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க, பாவம் அது. பார்க்க வேண்டியது கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து மூடின குறுகலான வாய்க்கால். அதற்குள் போனதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க. வேர் கிளையில் இருந்தே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீண்டிருக்கும், விழுந்தால் சேற்றில் குத்தி அங்கேயே மரமாகிவிடும். 2003இல் ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்த இடம், சும்மா இல்லை.

வத்தளைக்குப் போனவள்:
கொழும்பு, வத்தளைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் முத்துராஜவெல சதுப்புநிலத்தையும் பாருங்க, அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் வெட்டின ஹமில்டன் கால்வாய் வழியாக நீர்கொழும்புக் களப்புப் பக்கம் போகும் படகுப் பயணம். நம்ம மஸ்கெலி ஓயா தண்ணீர் களனி கங்கையில் சேர்ந்து கடலில் விழுகிற முகத்துவாரமும் அதற்குக் கிட்டத்தான். கபரகொய்யா என்கிற தண்ணீர் உடும்பும் கொக்கும் நிறைய. பலப்பிட்டி அளவுக்குக் கண்டல் கூரை கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நோர்வூட்காரி:
சரி, பலப்பிட்டியே போகிறோம். வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார், அவருக்கு ஆகஸ்டில் யானை பார்த்துக்கலாம். படகுக்கு எத்தனை மணிக்குப் போகணும்? அங்கே அட்டை கடிக்குமா?

ஹட்டன் வேன்காரன்:
காலையிலேயே ஏறிவிடுங்க, டிசம்பரிலும் பின்னேரம் ஒரு மழை வரலாம். அட்டைக்குப் பயப்பட வேண்டாம், அது நம்ம தேயிலை மலைச் சரக்கு. நுளம்புதான் இருக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கை சட்டை போட்டு விடுங்க.