தனி கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி வேலைத்தளத்தில் இரண்டேகால் மணி நேரம்தான் தாங்குகிறது: அமைப்பை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

கேள்வி: கட்டடப் பொறியாளர், தக்கலை

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் சிறிய அளவில் கட்டட வரைபட அலுவலகம் நடத்தி வருகிறேன். குலசேகரம், திருவட்டாறு, கருங்கல் என்று வாரத்தில் நான்கு நாட்கள் வேலை நடக்கும் இடங்களிலேயே கழிந்துவிடுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன், அலுவலகத்துக்கும் வெளியிடத்துக்கும் ஒன்றே போதும் என்று எண்ணி, 14 அங்குல வணிகப் பயன்பாட்டு மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அதில் 12ஆம் தலைமுறை கோர் ஐ7 எச் வகைச் செயலி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, 57 வாட்-மணி பேட்டரி ஆகியவை உள்ளன.

சிக்கல் இரண்டு. முதலாவது, முழுமையாக சார்ஜ் செய்துகொண்டு புறப்பட்டாலும், ஆட்டோகேடில் ஒரு தளவரைபடமும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளும் மட்டும் திறந்திருக்கும்போதே இரண்டேகால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. கான்கிரீட் போடும் நாளில் கம்பி விவரத்தைப் பார்க்கக் கணினியைத் திறந்தால் சிவப்பு விளக்குதான் வரவேற்கிறது. இரண்டாவது, அலுவலகத்தில் ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் மென்பொருள்) திறந்து பத்து நிமிடங்கள் ஆனதும் ஃபேன் இரைகிறது, விசைப்பலகையின் மேற்பகுதியில் கை வைக்க முடியவில்லை, அதன் பிறகு வேகமும் குறைந்துவிடுகிறது.

நாகர்கோவிலில் விசாரித்த கடையில், ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள 16 அங்குலக் கணினியை வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். நண்பர் ஒருவரோ, தனி கிராபிக்ஸே வேண்டாம், அதுதான் பேட்டரியைக் குடிக்கிறது என்கிறார். இரண்டில் எது சரி?

பதில்: அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர், நாகர்கோவில்

வணக்கம் சார். புதிய கணினியைப் பற்றிப் பேசும் முன், இப்போதுள்ளதில் மின்சாரம் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் இதே குறையைக் கூடுதல் விலை கொடுத்து மறுபடியும் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

உங்கள் கணினியில் கிராபிக்ஸ் இரண்டு இருக்கிறது. ஒன்று செயலிக்குள்ளேயே இருக்கும் ஒருங்கிணைந்த கிராபிக்ஸ், மற்றொன்று தனி கிராபிக்ஸான என்விடியா. திரைக்குப் படம் காட்டும் அன்றாட வேலையை முதலாவது பார்த்துக்கொள்ள, கனமான வேலை வரும்போது மட்டும் இரண்டாவது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே 2010இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாட்டின் நோக்கம். இரண்டாவது உறங்கும்போது அதன் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். ஆனால் வேலை எதுவும் செய்யாமல் வெறுமனே விழித்திருந்தாலே சில வாட்டுகள் போய்க்கொண்டிருக்கும். உங்களுடையது உறங்குவதே இல்லையோ என்று ஐயப்படுகிறேன்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் என்ற பட்டியைத் திறந்து, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) செயல்பாட்டுக் குறியீட்டை அறிவிப்புப் பகுதியில் காட்டும் விருப்பத்தை இயக்குங்கள். எந்தெந்த மென்பொருள்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அது சொல்லிவிடும். வெப்பநிலை காட்டும் தனி மென்பொருள்களை இந்தச் சோதனையின்போது திறக்க வேண்டாம், அவற்றில் சில, உறங்கும் சிப்பிடம் வெப்பம் கேட்டுக் கேட்டே அதை எழுப்பிவிடும். அடுத்து, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம் பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவு, முழு சார்ஜ் கொள்ளளவு ஆகிய இரண்டு எண்களையும் இங்கே இடுங்கள். வெளியில் இருக்கும்போது கூடுதல் திரை ஏதும் இணைக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். பல கணினிகளில் எச்டிஎம்ஐ துளை நேரடியாக என்விடியாவோடுதான் பிணைக்கப்பட்டிருக்கும், அதில் கம்பி இருக்கும்வரை அது உறங்காது.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணாச்சி. வெளியிடத்தில் கூடுதல் திரை எதுவும் இல்லை. வடிவமைப்புக் கொள்ளளவு 57 வாட்-மணி, இப்போதைய முழு சார்ஜ் 41 வாட்-மணி. குறியீட்டைத் திறந்து பார்த்ததும் வியப்பாக இருந்தது: உலாவி, வாட்ஸ்ஆப், பிடிஎஃப் படிப்பான், ஆட்டோகேட் என்று எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்ட்ரோல் பேனலில் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான இடத்தில், உயர் செயல்திறன் என்விடியா என்று தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நான் அதைத் தொட்டதாக நினைவில்லை. வாங்கியபோது மென்பொருள்களை ஏற்றிக் கொடுத்த கடையில் செய்திருக்க வேண்டும்.

பதில்: அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர், நாகர்கோவில்

கணக்கு இப்போது நேராகிவிட்டது சார். 41 வாட்-மணியை இரண்டேகால் மணி நேரத்தில் தீர்த்தால் சராசரிச் செலவு 18 வாட். வரைபடத்தைத் திறந்து வைத்துப் பார்க்கும் வேலைக்கு அதில் பாதியே போதுமானது. மூன்று ஆண்டுகளில் பேட்டரி 72 விழுக்காட்டுக்கு வந்திருப்பது வயதின் தேய்மானம், அதைக் குறை சொல்வதற்கில்லை. பெரிய ஓட்டை கடையில் செய்துவிட்ட அந்த ஒற்றைத் தேர்வுதான். வாட்ஸ்ஆப்பில் வணக்கம் அனுப்புவதற்குக்கூட என்விடியாவை எழுப்பியிருக்கிறார்கள்.

பொதுவான இடத்தில் தானியங்கித் தேர்வு என்று மாற்றிவிடுங்கள். அதன்பின் விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாகத் தேர்வு வைக்கலாம். ரெவிட்டுக்கும், நீங்கள் முப்பரிமாணக் காட்சி எடுக்கும் மென்பொருளுக்கும் மட்டும் உயர் செயல்திறனை வைத்துவிட்டு, மற்றவற்றை மின்சேமிப்பில் விடுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, உங்கள் செயலியின் பெயரில் உள்ள எச் என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். உதாரணமாக ஐ7-12700எச்சின் அடிப்படை மின்னளவு 45 வாட்தான் என்றாலும், டர்போவில், அதாவது சிறிது நேரம் கூடுதல் வேகத்தில் ஓடும்போது, 115 வாட்வரை கேட்கும். ஆர்டிஎக்ஸ் 3050 மடிக்கணினிப் பதிப்புக்கு 35 முதல் 80 வாட் வரை வைத்துக்கொள்ளத் தயாரிப்பாளருக்கு இடமுண்டு. ஆனால் 14 அங்குல உடலில் செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்தான் பொதுவாக ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து கேட்கும் வெப்பத்தை அந்தச் சிறிய ஃபேன் வெளியேற்ற முடியாததால், செயலி 100 டிகிரி செல்சியஸ் எல்லையை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன பத்து நிமிடக் கணக்கு இதுதான். அறையில் வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு ஏறும் என்பதால், ஏப்ரல் மாதத்துத் தக்கலையில் இது இன்னும் விரைவாக நிகழும்.

பதில்: மடிக்கணினி பழுது நீக்குபவர், குளச்சல்

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பராமரிக்கும் அண்ணன் சொன்ன காரணங்கள் சரி, ஆனால் மூன்று ஆண்டுகள் சிமெண்ட் தூசியில் திரிந்த கணினியைத் திறந்து பார்க்காமல் அமைப்புகளை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையே தூசி பஞ்சுப் பாய்போலப் படிந்திருக்கும். வெளித்துளை வழியாகப் பிரஷ் விட்டாலும், ஊதினாலும் அது போகாது. பின்மூடியைக் கழற்றி, ஃபேனை எடுத்துத்தான் உரித்தெடுக்க வேண்டும். ப்ளோயரை நேரடியாக ஃபேனில் வைத்துச் சுழலவிடுபவர்களும் உண்டு. இறக்கைகளும் தாங்கிகளும் அதில்தான் கெடுகின்றன. சிப்பிலிருந்து வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் அதே நேரத்தில் மாற்றிவிடலாம்.

எங்கள் கடலோரத்தில் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால், ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்தத் தூசிப் பாயின் அடியில் தகடு பச்சை பூத்துக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் பக்கம் அவ்வளவு இராது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது மிகையன்று.

இன்னொன்றையும் உடனே பாருங்கள் தம்பி. சமதரையில் வைத்தால் கணினி ஆடுகிறதா, டச்பேட் மேலெழுந்தோ, அழுத்த முடியாமலோ இருக்கிறதா? அப்படியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடுவதை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும், அமைப்புகளைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

பதில்: உள் அலங்கார வடிவமைப்பாளர், மார்த்தாண்டம்

தனி கிராபிக்ஸே வேண்டாம் என்ற உங்கள் நண்பரின் கருத்தை அப்படியே ஏற்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன். என் வாடிக்கையாளர்களில் பலர் வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தச் சுவரின் நிறத்தை மாற்றிக் காட்டுங்கள், அந்தச் சன்னலை அகலப்படுத்திக் காட்டுங்கள் என்று கேட்கும்போது, முப்பரிமாணக் காட்சியை அங்கேயே நகர்த்திக் காட்டியாக வேண்டும். ஒருங்கிணைந்த கிராபிக்ஸில் அது திணறும், லுமியன் போன்ற காட்சி மென்பொருள்கள் தனி கிராபிக்ஸை நம்பியே எழுதப்பட்டவை.

பதில்: அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர், நாகர்கோவில்

உங்கள் தேவை உண்மையானது. ஆனால் அந்தக் கூடத்தில் நீங்கள் சார்ஜரைச் செருகிக்கொண்டுதானே காட்டுகிறீர்கள்? பேட்டரியில் ஓடும்போது கணினியே கிராபிக்ஸின் மின்னளவை வெட்டிவிடுகிறது. வெட்டாமல் 70 வாட் வாங்க விட்டாலும் இந்தப் பொறியாளர் சாரின் 41 வாட்-மணி 35 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இன்னும் பெரிய பேட்டரி கிடைக்குமே என்றால், விமானத்தில் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்ல 100 வாட்-மணிதான் வரம்பு என்பதால், மடிக்கணினிகள் 99 வாட்-மணியை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஆக, மெல்லிய மடிக்கணினியில் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் கிராபிக்ஸ் ஆற்றல் சுவரிலிருக்கும் பிளக்கிற்குப் பக்கத்தில் மட்டுமே முழுதாக உங்களுடையது. உங்கள் தொழிலில் அந்தப் பிளக் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது, பொறியாளர் சாரின் தொழிலில் அது தக்கலை அலுவலகத்தில் மட்டும் இருக்கிறது.

கடையில் சொன்ன 4060 பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது, மடிக்கணினியில் அதன் மின்னளவு 35இலிருந்து 115 வாட் வரை தயாரிப்பாளரின் விருப்பம். 35 வாட்டில் ஓடும் 4060க்கும் 115 வாட்டில் ஓடும் 4060க்கும் ஒரே ஒட்டுவில்லைதான். வாங்குபவர்கள் டிஜிபி (கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய மின்னளவு) எத்தனை வாட் என்று கேட்டு, எழுத்தில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பதில்: காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர், ஆரல்வாய்மொழி

எங்களுக்குக் கொடுத்திருப்பது தனி கிராபிக்ஸ் இல்லாத கணினி. நாள் முழுவதும் கோபுரத்தடியில் நிற்பவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. அவசரத்துக்கு 65 வாட் யுஎஸ்பி-சி பவர் பேங்க் ஒன்றை வைத்திருக்கிறேன். 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் இழப்பது போக ஏறக்குறைய 60 கைக்கு வரும். உங்கள் கணினி யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்றாலும் 65 வாட் வரைபட வேலைக்குத்தான் காணும், ரெவிட்டுக்குக் காணாது.

எழுத வந்தது வேறொன்றுக்காக. 16 ஜிபி ரேம் என்றீர்களே, அது ஒற்றைக் கட்டையா, இரண்டு எட்டா? ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது கணினியின் ரேமைத்தான் பங்குபோடுகிறது. ஒற்றைக் கட்டை என்றால் ரேமுக்குப் போய்வரும் தரவுப் பாதை பாதியாகிவிடும். உங்கள் செயலியில் இருக்க வேண்டிய ஒருங்கிணைந்த கிராபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ. ஆனால் ரேம் ஒற்றைத் தடத்தில் இருந்தால் அதையே விண்டோஸ் யுஎச்டி கிராபிக்ஸ் என்று காட்டும். டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி என்றுதான் இருந்தது, உள்ளே ஒரே ஒரு 16 ஜிபி கட்டை. ஆட்டோகேடை மின்சேமிப்புக்கு மாற்றியதும் பெரிய வரைபடங்களை நகர்த்தும்போது ஏற்பட்ட தயக்கத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது துளையில் அதே வேகமுள்ள இன்னொரு 16 ஜிபியைச் சேர்த்தேன், பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிட்டது, தயக்கமும் பெரும்பாலும் போய்விட்டது.

வெளியிட வேலை இப்போது நான்கு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஓடுகிறது. பேட்டரியில் இருக்கும்போது செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடு என்று வைத்து டர்போவையும் நிறுத்தியுள்ளேன். வரைபடம் பார்க்கும் வேலையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை, வண்டியின் இருக்கையில் வைத்துப் பார்த்தாலும் ஃபேன் சத்தம் அரிதாகத்தான் கேட்கிறது. செயலியின் உச்ச நிலையை மாற்றும் இந்த அமைப்பு சில கணினிகளில் மறைக்கப்பட்டிருக்கும் என்று கேள்விப்பட்டேன், என்னுடையதில் இருந்தது.

16 அங்குலக் கணினி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். முப்பரிமாணக் காட்சிகளை நான் இரவில் அலுவலகத்தில்தான் எடுக்கிறேன், ஆகவே அந்தப் பணத்தில் நல்ல கிராபிக்ஸ் அட்டையோடு ஒரு மேசைக் கணினி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ரெவிட்டில் வெப்பம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, பின்மூடியை இதுவரை கழற்றவில்லை. டச்பேட் உப்பவில்லை, சமதரையில் ஆடவும் இல்லை. குளச்சல் அண்ணாச்சி, திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. கணினியை எடுத்துக்கொண்டு வருகிறேன், பேட்டரியை மாற்றுவதற்கான விலையையும் அப்போதே பேசிவிடலாம்.