சந்தா கட்டாமல் எஸ்கேப் ரூம் புதிர்கள்: நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியை

ஒளியியல் பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு வழக்கமான தேர்வுக்குப் பதிலாக ஆன்லைனில் ஓர் எஸ்கேப் ரூம், அதாவது புதிர்களை விடுவித்து அறை அறையாகத் தப்பிக்கும் விளையாட்டு, வைக்க ஆசைப்பட்டேன். முதலில் ஒரு தளத்தின் இலவசச் சோதனைக் காலத்தில் அறையைக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சோதனைக் காலம் முடிந்த மறுநாளே அறையைத் திறந்தால் பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வந்தது. நான் யோசித்த புதிர்கள் எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டன. அன்றிலிருந்து என் அறைகள் எல்லாம் கூகுளின் இலவச வினாப்படிவமான கூகுள் ஃபார்ம்ஸில்தான்.

செய்முறை எளிது. ஒவ்வொரு அறையும் ஒரு பிரிவு. அதில் ஒரு படம், ஒரு குறுவிடைக் கேள்வி. கேள்வியின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் பதில் சரிபார்ப்பு என்று ஒரு வசதி கிடைக்கும். அங்கே இந்த எண்ணுக்குச் சமமாக இருந்தால் மட்டும் விடு என்று அமைத்துவிட்டால் பூட்டு தயார். தவறான விடை கொடுத்தால் என்ன செய்தி வர வேண்டும் என்பதையும் நாமே எழுதலாம். நான் அதில் வெறுமனே ‘தவறு’ என்று எழுதுவதில்லை, குறிப்பு கொடுக்கிறேன். ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் கேள்வியைக் கட்டாயம் என்று குறித்தாக வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் காலியாக விட்டே அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த என் புதிர் ஒன்றைச் சொல்கிறேன். முதல் அறையில் ஒரு நிலைக்கண்ணாடி, அதற்குள் ஒரு கடிகாரம் தெரிகிறது. முட்கள் 8:20 காட்டுகின்றன. பிள்ளைகள் 820 என்று அடிப்பார்கள், பூட்டு திறக்காது. ‘கண்ணாடிக்குள் இடம் வலமாகும்’ என்று செய்தி வரும். உண்மையான நேரம் 3:40, ஆகவே 340தான் விடை. அடுத்த அறையில் சூரியன், பூமி, இடையில் ஓர் ஒளிக்கீற்று. சூரிய ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 8 நிமிடம் 20 நொடி ஆகும். முதல் பூட்டில் தோற்ற அதே 820 இங்கே திறக்கிறது! அந்த இடத்தில் வகுப்பில் எழும் சத்தத்தை எந்தச் சந்தாவும் தராது.

பள்ளிக் கணக்கில் ஃபார்ம் உருவாக்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு அதில் இருக்கலாம். இணைப்பை அனுப்புவதற்கு முன்னால் வேறு கணக்கிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். எதை வைத்துச் செய்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது?

நூலகப் பணியாளர்

சோதனைக் காலம் பற்றி ஆசிரியை சொன்னது எனக்கு வேறு வடிவத்தில் நடந்தது. நூலகத்தின் வாசிப்பு விழாவுக்காக அலமாரிகளில் கியூஆர் கோடுகளை ஒட்டியிருந்தோம். ஸ்கேன் செய்தால் புதிர் திறக்கும். விழா நடந்துகொண்டிருக்கும்போதே கோடுகள் வேலை செய்யாமல் போயின. அவற்றை உருவாக்கித் தந்த தளம் எங்கள் முகவரியைக் கோடுக்குள் வைக்கவே இல்லை. தன் சொந்த முகவரியை வைத்து, அங்கிருந்து எங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. இலவசக் காலம் முடிந்ததும் திருப்புவதை நிறுத்திவிட்டது.

கியூஆர் கோடு 1994-இல் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது. அதன் அடிப்படை வடிவத்தில் முகவரி அந்தக் கட்டங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதற்குக் காலாவதி என்பதே இல்லை, யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதும் இல்லை. இதை ‘ஸ்டாட்டிக்’ என்பார்கள். ‘டைனமிக்’ என்று போட்டிருந்தால் இடையில் இன்னொருவருடைய சர்வர் இருக்கிறது என்று பொருள். உருவாக்கிய கோடை உடனே ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். எங்கள் நூலகத்தில் இப்போது ஸ்டாட்டிக் மட்டும்தான்.

இன்னொன்று, தமிழ் விடைகள். சரியான சொல்லை அடித்தும் பூட்டு திறக்கவில்லை என்று சிலர் வந்து நின்றார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காரணம் யூனிகோடில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துச் சேமிக்கும் முறையில், இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்குப் பிறகு வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஔகாரத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெள’ என்று அடிப்பவர்கள் நிறைய. அதனால் ஒகர, ஓகார, ஔகாரம் வராத சொற்களையே விடையாக வைக்கிறேன். எண்ணாகவே வைக்க முடிந்தால் இன்னும் நிம்மதி.

பயிற்சி வகுப்புகள் நடத்துபவர்

நான் கூகுள் ஸ்லைட்ஸ் ஆள். அறையின் படத்தைப் பின்னணியாக வைத்து, மேசை, அலமாரி, ஜன்னல் மேல் நிறமில்லாத கட்டங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறொரு ஸ்லைடின் இணைப்பைக் கொடுப்பேன். மேசையைத் தொட்டால் மேசை பெரிதாகத் தெரியும் ஸ்லைடு வரும். வெறும் இடத்தில் கிளிக் செய்தால் தானாக அடுத்த ஸ்லைடுக்கு ஓடிவிடும் என்பதுதான் தொல்லை. அதற்கு, எல்லாக் கட்டங்களுக்கும் அடியில் ஸ்லைடு முழுவதையும் மூடும் நிறமில்லாத கட்டம் ஒன்றைப் போட்டு, அதே ஸ்லைடுக்கே இணைப்புக் கொடுத்துவிடுங்கள். எங்கே தொட்டாலும் அங்கேயே நிற்கும்.

ஆனாலும் அம்புக்குறி விசையை அழுத்தி எல்லா ஸ்லைடையும் பார்த்துவிட முடியும். ஆகவே ஸ்லைட்ஸை அறையாக மட்டும் வைத்துக்கொண்டு, பூட்டை ஃபார்ம்ஸில் போடுங்கள். இரண்டையும் ஒரே கூகுள் சைட்ஸ் பக்கத்தில் பதித்துவிட்டால் ஆடுபவர் அங்கும் இங்கும் அலைய வேண்டியதில்லை.

தமிழாசிரியர்

நூலக நண்பர் சொன்ன சிக்கலால் தமிழில் புதிரே வேண்டாம் என்று யாரும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் இலவசச் சங்கேதக் கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளை மாற்றித் தருபவை. தமிழ்ச் சொல்லைப் போட்டால் துணையெழுத்து தனியே, மெய் தனியே சிதறிவிடும். ஆனால் நமக்குக் கருவியே தேவையில்லை. நம் எழுத்து முறையே ஓர் அட்டவணை.

மெய் 18, உயிர் 12. க் 1, ங் 2 என்று தொடங்கி ன் 18 வரை மெய்க்கு ஓர் எண். அ 1, ஆ 2 என்று ஔ 12 வரை உயிருக்கு ஓர் எண். உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு எண்களின் சேர்க்கை. ‘பாட்டு’ என்றால் 9-2, 5-0, 5-5. புள்ளி வைத்த மெய்க்கு உயிரின் இடத்தில் 0. தனி உயிருக்கு மெய்யின் இடத்தில் 0. இவ்வளவுதான் விதி.

இந்த எண்களை அறைக்குள் எப்படி ஒளிக்கிறோம் என்பதில்தான் சுவை. உயிர் 12 என்பதால் கடிகார முகம் அப்படியே பொருந்துகிறது. மெய் 18 என்பதால் ஓர் அலமாரியில் 18 புத்தகங்கள். ஏழாவது புத்தகம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கடிகாரம் மூன்று மணி காட்டுகிறது. அப்படியானால் எழுத்து ‘தி’. இதைக் கண்டுபிடித்த மாணவர்கள் அடுத்த படத்தில் கடிகாரத்தைத்தான் முதலில் தேடினார்கள். இலக்கணப் பாடத்தில் உயிர்மெய் அட்டவணையை அவ்வளவு ஆர்வமாக யாரும் புரட்டி நான் பார்த்ததில்லை.

தமிழ் எண்களையும் விட்டுவிடாதீர்கள். ௧ என்பது ககரம் போல, ௨ என்பது உகரம் போல, ௭ என்பது எகரம் போல, ௮ என்பது அகரம் போல இருக்கும். சுவரில் நான்கு சட்டங்கள் மாட்டி, அவற்றில் அ, உ, எ, க என்று எழுதி வையுங்கள். பார்ப்பவர் எழுத்துப் பயிற்சிப் படம் என்றே நினைப்பார். பூட்டு கேட்பது 8271. பழைய முறையில் எழுதினால் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் நடுவே வரும், ௮௲௨௱௭௰௧ என்று. அதைத் தெரிந்தவர்களுக்கான கடினப் புதிராக வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தமிழ் எண் புதிரில் விடை எண்ணாகவே வருவதால் யூனிகோட் சிக்கலும் இல்லை. முதலில் சொன்ன எழுத்து அட்டவணையில் நீங்களும் ஒன்று முயன்று பாருங்கள்: 1-1, 7-1, 14-5.

பயிற்சி வகுப்புகள் நடத்துபவர்

கதவு! ஐயா, அந்த அலமாரி-கடிகாரப் புதிரை என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்.

தமிழாசிரியர்

தாராளமாக.

நிரலாளர்

ஃபார்ம்ஸ் அறைகள் பற்றி ஒரு சேர்க்கை. அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து தேடினால் சரிபார்ப்பு விடைகள் அதற்குள்ளேயே இருக்கும். வகுப்பறைக்கு அது பெரிய விஷயமில்லை. பரிசு வைத்து நடத்தும் போட்டி என்றால் யோசிக்க வேண்டும்.

நான் ட்வைன் பயன்படுத்துகிறேன். கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்டது, திறந்த மூலம், கிளைக்கதை எழுதுவதற்கான கருவி. ஒவ்வொரு அறையையும் ஒரு சிறு பெட்டியாக எழுதி, பெட்டிகளைக் கோட்டால் இணைத்துக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாக, வெளியே வரும். இதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கோப்பு என்னுடையது. இட்ச்.ஐஓ, கிட்ஹப் பேஜஸ் போன்ற தளங்கள் எதில் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம், பென்டிரைவில் போட்டும் கொடுக்கலாம். முதல் தலைமுறை ஆன்லைன் தப்பிக்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் என்ற பழைய உலாவி மென்பொருளுக்காக எழுதப்பட்டவை. 2020 இறுதியில் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது, அவற்றில் ஏராளமானவை சாதாரண உலாவியில் திறக்காமல் போயின. அவற்றை ஆடி வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது பெரிய வருத்தம். உலாவி நேரடியாகப் படிக்கும் வடிவத்தில் கோப்பு கையில் இருந்தால் அந்தக் கவலை மிகவும் குறைவு. ஒரு எச்சரிக்கை: ட்வைனை உலாவியிலேயே ஓட்டினால் நீங்கள் எழுதுவது அந்த உலாவியின் நினைவகத்தில்தான் இருக்கும். உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். அவ்வப்போது ஆர்க்கைவ் செய்து கோப்பாக எடுத்து வையுங்கள்.

விடையை உண்மையாகவே மறைக்க வேண்டுமா? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் விடைக்குப் பதிலாக அதன் எஸ்எச்ஏ-256 கைரேகையை, அதாவது விடையிலிருந்து கணக்கிட்ட, ஆனால் விடைக்குத் திரும்ப முடியாத ஒரு நீண்ட குறியீட்டை, மட்டும் பக்கத்தில் வைக்கலாம். ஆடுபவர் அடித்ததன் கைரேகையோடு ஒப்பிட்டால் போதும், விடை எங்கும் எழுதப்பட்டிருக்காது. நான்கு இலக்க எண் போல எளிதில் ஊகிக்கக்கூடிய விடைகளுக்கு இது பாதுகாப்பில்லை. அந்த எண்ணின் 10,000 சாத்தியங்களையும் கணினி ஒரு நொடிக்குள் முயன்று பார்த்துவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின், எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘நார்மலைஸ்’ கட்டளையை ஓட்டினால் கொம்பு-கால் சிக்கலும் தீர்ந்துவிடும். ளகரக் குழப்பம் மட்டும் அதில் தீராது, அதை நீங்களே கவனிக்க வேண்டும்.

நிரலே வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் அடுத்த அறையை எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றும்போது திறப்பதற்கான கடவுச்சொல் கொடுங்கள். புதிரின் விடைதான் கடவுச்சொல். கைபேசியிலும் திறக்கும், இணையமே இல்லாத இடத்திலும் ஓடும். மூல நிரலைக் கிளறினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளடக்கமே பூட்டப்பட்டிருக்கிறது. நண்பரின் பிறந்தநாளுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இப்படி ஒரு தொடரைச் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு கோப்பிலும் அடுத்த கோப்புக்கான புதிர்.

அறிவியல் ஆசிரியை

பிடிஎஃப் யோசனை அருமை. இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவே போதும். அடுத்த பாடத்துக்குச் செய்கிறேன்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு இந்த விளையாட்டுகளை ஆடுகிறேன், புதிர் என்றால் உயிர். மேலே சொன்ன வகைகளில் எவையெல்லாம் எனக்குத் திறந்தன என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ட்வைனில் எழுத்தால் கட்டிய அறைகளை யார் துணையும் இல்லாமல் முழுமையாக ஆடியிருக்கிறேன். இருட்டறை என்று எழுதியிருந்தால் எனக்கும் மற்றவர்களுக்கும் அது ஒரே இருட்டறை. ஃபார்ம்ஸ் பூட்டுகளும் நன்றாக வாசிக்கப்படுகின்றன, தவறான விடைக்கு வரும் செய்தியும் சேர்த்து. ஸ்லைட்ஸில் நிறமில்லாத கட்டங்கள் மட்டும் இருக்கும் அறைகள்தான் எனக்குச் சுவர். அந்தக் கட்டங்களுக்குப் பெயர் எதுவும் இல்லையென்றால் திரைவாசிப்பானுக்கு அங்கே மேசை இருக்கிறதா, ஜன்னல் இருக்கிறதா என்றே தெரியாது. கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மாற்று உரை, அதாவது திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம், கொடுக்கும் வசதி ஸ்லைட்ஸிலேயே இருக்கிறது. ‘மேசை, இழுப்பறை மூடியிருக்கிறது’ என்று எழுதினால் எனக்கு அறை கிடைத்துவிடும்.

மாற்று உரையில் சிலர் விடையையே எழுதிவிடுகிறார்கள். உதவும் எண்ணம்தான், ஆனால் ஆட்டம் போய்விடுகிறது. கண்ணால் பார்ப்பவருக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள். கண்ணாடிக் கடிகாரப் புதிருக்கு ‘நிலைக்கண்ணாடிக்குள் ஒரு கடிகாரம் தெரிகிறது, அதில் 8:20’ என்று இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அலமாரிப் புதிருக்கும் அப்படித்தான்: ‘18 புத்தகங்கள், ஏழாவது பாதி வெளியே இருக்கிறது. சுவர்க் கடிகாரம் 3:00.’

நிறத்தை மட்டும் நம்பும் புதிர்களைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். சிவப்புச் சாவி, பச்சைச் சாவி என்று வைத்தால் என்னோடு சேர்ந்து, அந்த இரண்டு நிறங்களைப் பிரித்தறிய முடியாத பலரும் வெளியே நிற்பார்கள். சாவியின் மேல் ஒரு எழுத்தையோ வடிவத்தையோ சேர்த்தால் எல்லோரும் உள்ளே வரலாம்.

பிடிஎஃப் அறை செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்து மாற்றுங்கள். கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் திறந்த பிறகு உள்ளே வெறும் படம் மட்டும் இருந்தால் என் திரைவாசிப்பானுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. ஆசிரியை அடுத்த பாடத்துக்குச் செய்து முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், பிள்ளைகள் கைக்குப் போவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து எங்கே தடுக்கிறது என்று எழுதித் தருகிறேன்.