அவசரம்: ரிமோட் படகு திருப்பத்தில் மல்லாந்துவிடுகிறது

துடுப்பு_ஈசூன் (சனி, இரவு 9:40)
அண்ணன்மாரே, ஸ்பீட்போட் வாங்கி நாலு மாதம். முதலில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது வேகம் கொடுத்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடுகிறது, திருப்பினால் மல்லாந்துவிடுகிறது. போன வாரம் மூன்று தடவை. மகன் அழுதே விட்டான். நாளைக் காலை மறுபடி போகிறோம், என்ன செய்யலாம்?

செங்காங்வாசி
நீளம் எவ்வளவு? அடிப்பகுதி வி வடிவமா? எந்தப் பக்கம் திருப்பும்போது கவிழ்கிறது?

நீர்ப்பூச்சி
ப்ரொப்பெல்லர்தான், சந்தேகமே வேண்டாம். ஒரு பிளேடு கனமாக இருந்தால் அதைச் சுழற்றும் கம்பியான ஷாஃப்டே அதிரும். கழற்றி மெல்லிய கம்பியில் கோத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே பிளேடு கீழே இறங்கினால் அதன் பின்பக்கத்தை உப்புத்தாளில் கொஞ்சம் தேயுங்கள். என் படகு இதில்தான் சரியானது.

பழைய_மாலுமி
இந்தக் கேள்வியை இங்கே எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. அளவு சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். தம்பி, முதலில் எடை மையத்தைப் பாருங்கள். பேட்டரி, மூடி எல்லாம் போட்டு, படகை இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலால் தாங்குங்கள். சமமாக நிற்கும் இடம் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 விழுக்காட்டில் இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் போனால் மூக்கு தூக்கும், அடிப்பகுதியின் நடுக்கோடு மட்டும் தண்ணீரில் நிற்கும், ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது. அதைச் செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

நீர்ப்பூச்சி
புதிதாக வந்தவரிடம் இப்படியா பேசுவது, அண்ணே?

துடுப்பு_ஈசூன்
65 செமீ, வி அடி, ஒற்றை ப்ரொப்பெல்லர், 3எஸ் (மூன்று செல்) பேட்டரி. இடது திருப்பத்தில்தான் கவிழ்கிறது. போன மாதம் பெரிய பேட்டரி மாற்றினேன், அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. காலாங் படுகைப் பக்கம் ஓட்டுகிறோம்.

செங்காங்வாசி
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! 65-க்கு 30 விழுக்காடு என்றால் 19.5 செமீ. இன்னொன்று: பின்னாலிருந்து பார்க்க ப்ரொப்பெல்லர் வலப்புறமாகச் சுற்றினால், அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் சாய்க்கும். மையம் சரியான பிறகும் சாய்ந்தால் பேட்டரியை ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்த்துங்கள். பின்பலகையில் இருக்கும் சின்னத் தகடுகளை, அதான் டிரிம் டேப், இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

வாம்போ_அப்பா
காலாங்கில் உப்புத் தண்ணீர்! வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்டை உருவி நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் ஒரு வாரத்தில் துரு.

பழைய_மாலுமி
அது பழைய கதை. மரினா அணைக்கட்டு 2008-இல் திறந்தாகிவிட்டது. அந்தப் படுகை இப்போது நன்னீர்த் தேக்கம்.

வாம்போ_அப்பா
அணைக்கட்டு எனக்கும் தெரியும். நன்னீரானாலும் ஈரத்தோடு விட்டால் கம்பி துருப்பிடிக்காதா? நான் இரண்டு ஷாஃப்ட் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

பழைய_மாலுமி
பிடிக்கும். துடைத்துக் கிரீஸ் போட வேண்டும், அது எந்தத் தண்ணீருக்கும்தான். ஆனால் நீங்கள் உப்பு என்றீர்கள்.

ஈரக்கை
இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ரிமோட் படகு விட அங்கே அனுமதி உண்டா என்று நீர்த்தேக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம், பின்பலகையின் கீழ் விளிம்பை நகத்தால் தடவுங்கள். அது கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் தண்ணீர் பிரியாமல் ஒட்டிக்கொண்டு பின்பக்கத்தைக் கீழே இழுக்கும்.

துடுப்பு_ஈசூன் (ஞாயிறு, காலை 11:15)
அளந்தேன், 15 செமீ இருந்தது! பேட்டரியை முன்னால் தள்ளி 19.5 ஆக்கினேன். நேராக ஓடும்போது ஆட்டம் போய்விட்டது. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்கிறது, ஆனால் கவிழவில்லை. ரொம்ப நன்றி. மகன் ரிமோட்டைக் கேட்கிறான், அப்புறம் வருகிறேன்.

செங்காங்வாசி
அந்தப் பேட்டரி எத்தனை கிராம்? பழைய ஸ்ட்ராப்பே போதுமானதாக இருந்ததா?

செங்காங்வாசி (புதன்)
தம்பி?